பாலையாக்கப்படும் குறிஞ்சி: சாந்தன்பாறைப் பயணத் திட்டங்கள் யாரை மறைக்கின்றன?

பயணத் திட்டம் இன்று தனக்கென இலக்கணம் கொண்ட ஓர் எழுத்துவகையாகிவிட்டது. முதல் நாள் வருகை, ஓய்வு, மூலிகை எண்ணெய்ப் பிழிச்சல். இரண்டாம் நாள் விடியுமுன் ஜீப்பில் கொழுக்குமலை, சூரிய உதயம், மலையேற்றம். மூன்றாம் நாள் ஏலத்தோட்ட உலா, ஆனையிறங்கல் நீர்த்தேக்கம், புறப்பாடு. இடுக்கி மாவட்டத்தின் சாந்தன்பாறையையும் அதை ஒட்டிய சின்னக்கானல், சூரியநெல்லிப் பகுதிகளையும் விற்கும் திட்டங்கள் பெரும்பாலும் இந்த அச்சில் வார்க்கப்பட்டவையே. அவற்றின் வாக்கியங்களை நின்று வாசிப்பவருக்கு ஓர் ஒற்றுமை புலப்படும். 'தேநீர் வழங்கப்படும்', 'வாகனம் ஏற்பாடு செய்யப்படும்', 'வழித்துணை அளிக்கப்படும்'. அனைத்தும் செயப்பாட்டுவினை. 'ஆல்' உருபேற்று வரவேண்டிய வினைமுதல் ஒரு வாக்கியத்திலும் இல்லை. வினைமுதலைச் சொல்லாமல் விடலாம் என்பது இலக்கணம் தரும் சலுகை. அந்தச் சலுகையைக் கொண்டு ஒரு மலைப்பகுதியின் உழைக்கும் மக்கள் முழுவதையும் மறைத்துவிடுவது இலக்கணம் சார்ந்த செயலாகாது, அது அரசியல்.

வினைகளை விடவும் அடைமொழிகள் கொடியவை. 'கண்டறியப்படாத பாதை', 'ஆளரவமற்ற மலை', 'தீண்டப்படாத இயற்கை'. தமிழில் 'தீண்டப்படாத' என்ற சொல்லைப் புகழுரையாக எழுதுவதற்கு எவ்வளவு மறதி வேண்டும்! சாதி தன் முழுச் சுமையையும் ஏற்றி வைத்திருக்கும் அச்சொல், ஒரு விளம்பர வரியில் மணம் பூசிக்கொண்டு உலவுகிறது. அந்த மலையைத் தீண்டித் திருத்தித் தேயிலையும் ஏலமும் விளைவித்தவர்களில் பெரும்பகுதியினர், சமவெளியில் தீண்டாமையின் வதையிலிருந்து தப்பி மலையேறிய தலித் குடும்பங்கள் என்பதை நினைத்தால் அவ்வரியின் கொடுமை இன்னும் தெளிவாகும்.

இந்த எழுத்துவகையின் முன்மாதிரி, உலகின் பாலைவன நலவாழ்வு நகரங்களில் உருவானது. நடைபாதை, வெந்நீரூற்று, அமைதி என்ற மூன்றையும் ஒரே கட்டணத்தில் சேர்த்து விற்கும் முறைக்குக் கலிபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸ் நகரம் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. அங்கே 'வெறும் பாலை' என்று விற்கப்பட்ட நிலம் கவீயா மக்களின் வாழிடம். நகரின் பெயருக்குக் காரணமான வெந்நீரூற்று, அகுவா கலியெந்தே கவீயா மக்களுக்கு ஒதுக்கப்பட்ட 'பிரிவு 14' என்னும் ஒரு சதுர மைல் நிலத்தில் இருக்கிறது. அந்நிலத்தில் குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் மெக்சிகோ வழியினருமான தொழிலாளர்கள். உல்லாச விடுதிகளைக் கட்டியவர்கள், அவற்றில் சமைத்தவர்கள், துடைத்தவர்கள். 1950களிலும் 1960களிலும் அவர்கள் வெளியேற்றப்பட்டனர். வீடுகள் இடிக்கப்பட்டன, எரிக்கப்பட்டன. உயிருடன் எஞ்சியவர்களுக்கும் வழித்தோன்றல்களுக்கும் 59 இலட்சம் டாலர் இழப்பீடு வழங்க நகரமன்றம் ஒப்புதல் அளித்தது 2024 நவம்பரில்தான். மறுபுறம், அதே ஊற்றின்மேல் கவீயா மக்கள் தம் மொழிப்பெயரோடு ஒரு நீராடு நிலையத்தை 2023இல் திறந்தனர். அருகிலுள்ள பள்ளத்தாக்குகளின் நடைபாதைகளையும் அவர்களே பராமரித்து, நுழைவுக் கட்டணம் பெறுகின்றனர். ஆக, பாலைப் பயணத்தைத் திட்டமிடும் ஒருவர் அங்கு இரு வரலாறுகளை எதிர்கொள்கிறார். நிலத்துக்குரியோர் தம் பெயரை மீட்டுக்கொண்டனர். உழைத்துக் குடியிருந்தோர், நடந்த அநீதி ஏட்டில் ஏறுவதற்கே அறுபது ஆண்டு காத்திருந்தனர்.

சாந்தன்பாறையில் இவ்விரண்டில் எது நடந்திருக்கிறது?

இக்கேள்விக்குத் தமிழ்த் திணைமரபு கூர்மையான ஒரு கருவியைத் தருகிறது. தொல்காப்பியம் நிலங்களைப் பெயர் சொல்லிப் பகுக்கும்போது முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என நான்கையே கூறுகிறது. பாலைக்குத் தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் கொள்ளும் வடிவமே பாலை என்று சிலப்பதிகாரம் விளக்குகிறது. அதாவது, தமிழ் மரபில் பாலை நிலப்படத்தில் ஓரிடமாக இருப்பதன்று; நிகழ்வது. அது நிகழக் காரணம் வேண்டும். குறிஞ்சியை மனிதரற்ற வெளியாகச் சித்திரிக்கும் பயணத் திட்டமும் அக்காரணங்களில் ஒன்றாகியிருக்கிறது.

முதலில் பெயர்களைப் பார்க்கலாம். சாந்தன்பாறை, பூப்பாறை, தொண்டிமலை, ஆனையிறங்கல், உடும்பஞ்சோலை, போடிமெட்டு, சதுரங்கப்பாறைமெட்டு. பாறை, மலை, சோலை, மெட்டு என்று நிலத்தின் ஒவ்வொரு மடிப்புக்கும் சொல் வைத்திருந்த மக்கள் வாழ்ந்த இடம் 'கண்டறியப்படாதது' ஆக முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்நிலைக் காடுகளைக் குறிக்க உலகச் சூழலியல் பயன்படுத்தும் 'ஷோலா' என்னும் கலைச்சொல் தமிழின் 'சோலை'. சாந்தன்பாறை ஊராட்சிக்கு அருகே 12.82 சதுர கிலோமீட்டரில் விரியும் தேசியப் பூங்காவின் பெயர் மதிகெட்டான் சோலை. உள்ளே போனவருக்கு மதி மயங்கி வழி தவறும் என்று அந்தப் பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். 2002இல் பெரும் ஆக்கிரமிப்புச் சர்ச்சைக்குள்ளாகி, 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட காடு அது. 'ஆனையிறங்கல்' என்பதும் ஓர் எச்சரிக்கைப் பலகைதான்: இது யானைகள் நீருக்கு இறங்கும் வழி. வழியை நீர்த்தேக்கமும் தோட்டமும் குடியேற்றமும் விடுதிகளும் அடைத்த பிறகு, பன்னியாறு தோட்டத்தின் நியாயவிலைக் கடையை அரிசிக்காக உடைத்த யானைக்கு 'அரிக்கொம்பன்' என்று பெயரிட்டு, 2023 ஏப்ரல் 29 அன்று பிடித்து அப்புறப்படுத்தினார்கள். அது மே இறுதியில் கம்பம் நகருக்குள் வந்ததும், ஜூன் 5 அன்று மீண்டும் பிடிபட்டு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டதும் செய்திகளாயின. அது உடைத்த கடை தோட்டத் தொழிலாளரின் உணவுக்கடை என்பதை மட்டும் பலரும் கவனிக்கவில்லை. பழைய பெயர்கள் தகவல் தாங்கியவை. அவற்றின் இடத்தில் இன்று அமர்ந்திருக்கும் 'எக்கோ பாயின்ட்', 'போட்டோ பாயின்ட்' போன்றவை நிற்பவரின் கேமராவைத் தவிர வேறெதையும் குறிக்காதவை.

அடுத்து பாதைகள். குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் வழி இன்று மலையேற்றப் பாதை. 1877இல் பூஞ்சாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்ற பிறகு, தோட்டத்துக்கு ஆளும் அரிசியும் போடிப் பக்கத்திலிருந்து ஏறிய வழிகளில் அதுவும் ஒன்று. பின்னாளில் தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடம் மூலம் கொட்டகுடிக்கு இறங்கின. டாப் ஸ்டேஷன் என்ற பெயரே அந்தச் சரக்கு நிலையத்தின் எச்சம். பிள்ளையை இடுப்பிலும் மூட்டையைத் தலையிலும் சுமந்து ஏறியவர்களின் காலடி பட்டுப் பட்டு உண்டான தடத்தை, முதுகுப்பையோடு வருபவர் 'கண்டுபிடிப்பது' எப்படி?

பாதை இன்னும் உழைப்பின் பாதையாகவே இருக்கிறது. விடியுமுன் இருவகை ஜீப்புகள் இம்மலைகளில் ஏறுகின்றன. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு உதயம் காண்போரை ஏற்றிச் செல்வது ஒருவகை. போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து போடிமெட்டையும் கம்பம்மெட்டையும் கடந்து ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை நெருக்கியடித்து ஏற்றிச் செல்வது மற்றொருவகை. முதல் ஜீப்பின் குலுக்கல் 'சாகசம்' என்று திட்டத்தில் விற்கப்படுகிறது. இரண்டாவது ஜீப்பின் குலுக்கல் யாருடைய திட்டத்திலும் இல்லை. அது கவிழ்ந்தால் மட்டும் செய்தியாகிறது. மூன்றாம் நாளின் 'ஏலத்தோட்ட உலா'வில் அப்பெண்கள் புகைப்படத்தின் பின்னணி. அவர்கள் பறிக்கும் ஏலம் புத்தடியிலும் போடிநாயக்கனூரிலும் ஏலம் விடப்பட்டு, விடுதியின் நறுமண எண்ணெயாகவும் திரும்பி வருகிறது. அச்செடிகளின்மேல் தெளிக்கப்படும் பூச்சிமருந்தைச் சுவாசிப்பது யார் என்பதை நறுமணம் சொல்வதில்லை.

வெறும் வெளியாகக் காட்டப்பட்ட மலை, நம்பி வந்தவரையும் காப்பதில்லை. 2018 மார்ச் 10 அன்று குரங்கணியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறிய மலையேற்றக் குழுவினர் மறுநாள் இறங்கும்போது காட்டுத்தீயில் சிக்கினர். 23 பேர் உயிரிழந்தனர். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை போடிமலையின் புல்வெளி காய்ந்த சருகு. குறிஞ்சி தன் இயல்பு திரிந்து பாலையாகும் பருவம் என்று மரபு சொன்னது அங்கு ஆண்டுதோறும் மெய்யாகவே நிகழ்கிறது. மலையில் வாழ்பவர் எவருக்கும் தெரிந்த அந்த உண்மை, மலையில் எவரும் வாழவில்லை என்று கருதும் திட்டத்துக்குள் எப்படி நுழையும்? இறந்தவர்கள் இளைஞர்கள், பழி அவர்களுடையதன்று. நிலத்தைப் பற்றிய அறிவை நிலத்தில் வாழ்பவரிடமிருந்து பெறவேண்டும் என்ற எளிய விதியைச் சுற்றுலா என்னும் அமைப்பு அன்றுவரை ஏற்றிருக்கவில்லை. அதன்பின்தான் தமிழ்நாடு 2018இல் மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் 40 தடங்களோடு தொடங்கிய அரசின் மலையேற்றத் திட்டத்தில் உள்ளூர் இளைஞரும் பழங்குடியினரும் வழிகாட்டிகளாயினர். இருபத்துமூன்று உயிர்கள் கொடுத்துப் பெற்ற பாடம் அது.

தொழிலாளர் உயிருக்கு அந்த அளவு பாடமும் வாய்க்கவில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு அருகே பெட்டிமுடியில் மண்சரிந்து லயங்களை மூடியது. மாண்டவர்களும் காணாமற்போனவர்களுமாக 70 பேர். பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். வரையாடு காண ஆண்டுதோறும் கூட்டம் குவியும் இராஜமலைக்குச் சற்றுத் தொலைவில்தான் அந்த லயங்கள் இருந்தன. லயம் என்பது வேலையோடு கட்டப்பட்ட கூரை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு தருவதை முதலாளியின் கடமையாக்கியது. அதே ஏற்பாடு, பணி முடிந்தால் வீடும் முடிந்தது என்ற நிலையையும் நிலைநிறுத்தியது. நான்கு தலைமுறை உழைத்த குடும்பத்துக்கு நான்கு சென்ட் நிலம் இல்லை.

இதோடு மற்றொரு சட்டத்தை வைத்துப் பார்க்கவேண்டும். கேரளத்தின் 1960ஆம் ஆண்டு நில ஒதுக்கீட்டுச் சட்டமும் 1964ஆம் ஆண்டு விதிகளும் வீட்டுக்கும் வேளாண்மைக்கும் பட்டா வழங்கின. அப்படிப் பெற்ற நிலங்களில் விடுதிகளும் வணிகக் கட்டடங்களும் எழும்பின. அவை விதிமீறல் என்ற வழக்கு பல ஆண்டு நடந்தது. 2023 செப்டம்பரில் சட்டமன்றம் அச்சட்டத்தைத் திருத்தி, அத்தகைய பயன்பாட்டை முறைப்படுத்த வழி திறந்தது. சிறு விவசாயிகளுக்கும் கடைக்காரர்களுக்கும் இதனால் நியாயமான நிம்மதி உண்டு. குடியேற்ற விவசாயிகளில் பலர் வறுமையோடு மலையேறியவர்களே. ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. விடுதியின் நில உரிமைச் சிக்கலைத் தீர்க்கச் சட்டமே வளைய முடியுமானால், லயத்தின் நிலமின்மையைத் தீர்க்க அது ஏன் வளையவில்லை?

இங்கே ஒரு மறுப்பு எழும். சுற்றுலா வேலை தருகிறது. கொழுக்குமலை ஜீப் ஓட்டுநர்களில் பலர் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள். கொழுந்துக் கூடையிலிருந்து அவர்களை விடுவித்தது சுற்றுலாவே. இம்மறுப்பில் உண்மை இருக்கிறது. 2015 செப்டம்பரில் 'பெண்பிள்ளை ஒருமை'யாகத் திரண்டு மூணாற்றை நிறுத்திய பெண்கள் அன்று பெற்றுவந்த நாட்கூலி 232 ரூபாய். போராட்டத்துக்குப் பின் 301 ஆனது. அந்தக் கூலியை விட ஜீப் வருமானம் மேல் என்று ஓர் இளைஞர் முடிவு செய்தால் அவரைக் குறைசொல்ல எவருக்கும் தகுதி இல்லை. ஆனால் இம்மறுப்பு நிறுவுவது, தோட்டம் அவ்வளவு குறைவாகக் கொடுத்தது என்பதைத்தான். சுற்றுலா நியாயமாகக் கொடுக்கிறது என்பதை அது நிறுவவில்லை. விடுதிகளின் சலவையறையிலும் சமையற்கட்டிலும் வேலை செய்வோரின் கூலி, வேலைநேரம், இருப்பிடம் ஆகியவை பற்றி ஒரு விளம்பரமும் பேசாதவரை, பழைய தோட்டத்தின் இடத்தில் புதிய தோட்டம் வந்திருக்கிறது என்றே கொள்ளவேண்டும்.

மற்றொரு தரப்பையும் விட்டுவிட முடியாது. ஒவ்வொரு நவம்பர் 1 அன்றும் தேவிகுளம், பீர்மேடு இழப்பை நினைத்துப் புலம்பும் தமிழ் உணர்வாளர்கள், டிசம்பர் விடுமுறைக்கு அதே மலையில் அறை எடுக்கிறார்கள். மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955இல் அளித்த பரிந்துரையில் எந்த வட்டம் எங்கே போனது என்பது அவர்களுக்கு மனப்பாடம். லயத்தில் எத்தனை அறை என்பது தெரியாது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ் பேசும் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்த உரிமை தந்திருக்கிறது. அவ்வுரிமை ஊராட்சி அலுவலக மேசையில் நடைமுறையாகிறதா என்று கேட்க எந்த உணர்வாளரும் மலையேறுவதில்லை. எல்லைக்கோட்டை நேசிப்பது எளிது. எல்லையில் வாழ்பவரின் கூலியைக் கணக்கிடுவது கடினம்.

கல்விப்புலம் இதற்கு வெளியே நிற்கவில்லை. கருத்தரங்கின் மூன்றாம் நாளை 'களப்பயணம்' என்று எழுதி மூணாறுக்குப் பேருந்து அமர்த்துவது துறைகளின் வழக்கம். திணைக்கோட்பாட்டை இரண்டு நாள் விவாதித்தவர்கள் மூன்றாம் நாள் குறிஞ்சி நிலத்தில் நின்று தற்படம் எடுத்துத் திரும்புகிறார்கள். 2022 அக்டோபரில் சாந்தன்பாறையின் கள்ளிப்பாறை மலையில் நீலக்குறிஞ்சி பூத்தபோது ஆயிரக்கணக்கானோர் குவிந்தனர். அவர்கள் போனபின் மலைச்சரிவில் நெகிழிக் குப்பை கிடந்தது. தமிழ்க் காதுக்குக் கள்ளி பாலைத் தாவரம். பெயரில் பாலையையும் சரிவில் குறிஞ்சியையும் கொண்ட ஒரு மலை, வந்தவர் காலடியில் முதலாவதை நோக்கிச் சாய்ந்தது. பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை பூக்கும் ஒன்றைக் காண வந்தவர்களுக்கு, பன்னிரண்டு மணிநேரம் மலையில் எப்படி இருக்கவேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

எவரும் போகக் கூடாது என்பது இவ்வாதத்தின் முடிவன்று. போவதைத் திட்டமிடும் முறை மாறவேண்டும். தீக்காலமான பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை புல்வெளித் தடங்களைத் தவிர்ப்பதும், தென்மேற்குப் பருவமழையில் வானிலை ஆய்வு மையத்தின் செம்மஞ்சள், சிவப்பு எச்சரிக்கை நாட்களில் பயணத்தைத் தள்ளிவைப்பதும் முதல் நிபந்தனை. அந்நாட்களில் மீட்புக்கு இறங்குவோர் அதே தொழிலாளர்களே. வழிகாட்டி முதுவர் குடிகளிலிருந்தோ லயங்களிலிருந்தோ வந்த பதிவுபெற்ற ஒருவராக இருக்கவேண்டும். அவருக்கான கூலி விடுதிக் கணக்கில் கரையாமல் நேராக அவர் கைக்குச் சேரவேண்டும். அறை எடுக்கும் விடுதியிடம் ஊழியரின் கூலி பற்றியும் கழிவுநீர் போகும் இடம் பற்றியும் கேட்பதற்குக் கூச்சம் தேவையில்லை. படுக்கையின் மென்மையைப் பற்றிக் கேட்பதற்கு எவரும் கூசுவதில்லை. அரசுகளிடம் கேட்கவேண்டியது இதைவிடப் பெரிது: சுற்றுலா வருவாயில் ஒரு பங்கு லயவாசிகளின் நிலத்துக்கும் வீட்டுக்கும் சட்டப்படி ஒதுக்கப்படவேண்டும்.

பல்கலைக்கழகத் துறைகள் நாளையே செய்யக்கூடியது ஒன்றுண்டு. அடுத்த களப்பயணத்தின் சுற்றறிக்கையை எழுதும்போது, ஒவ்வொரு செயப்பாட்டுவினையையும் செய்வினையாக மாற்றிப் பார்க்கலாம். 'தேநீர் வழங்கப்படும்' என்பதைத் தேநீர் வழங்குபவர் யார், அவருக்கு அன்றைய கூலி எவ்வளவு, அவர் இரவில் எங்கே உறங்குவார் என்ற விடைகளோடு எழுதவேண்டும். அவ்விடைகளைத் தேடி ஒருவர் சாந்தன்பாறைக்குத் தொலைபேசியில் பேச நேர்ந்தால், அந்த அழைப்பிலிருந்தே களப்பணி தொடங்கிவிடும். விடை கிடைக்காத வரிகளை அழித்துவிட்டு, எஞ்சிய வரிகளோடு புறப்படலாம்.